பிள்ளைக்கு உடம்பு சுடுது... பால்வாடிக்கு அனுப்பலாமா?

உப்பளத்துக்குப் போகிற அம்மாவுக்கும் சரி, ஆபீஸுக்குப் போகிற அம்மாவுக்கும் சரி, காலையில் வருகிற கேள்வி ஒன்றுதான். பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டால் உங்கள் பிள்ளைக்கும் நல்லது, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் நல்லது!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அந்தப் பாத்திகளில் இறங்கி வேலை பார்க்கிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். வேலையும் வெயில் காலத்தில் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், வருமானம் பூஜ்யம். அதனால் சீசனில் ஒரு நாள் கூலி என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

இப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில் மூன்று வயசுப் பிள்ளை அனத்துகிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது. என்ன செய்வார்கள்? அலமாரியில் இருக்கிற பாராசிட்டமால் சிரப்பில் ஒரு மூடி. அரை மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும். "டீச்சர், ராத்திரி லேசா சுட்டுச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லி (அல்லது சொல்லாமலே!) பால்வாடியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இது உப்பளத்து அம்மா மட்டும் செய்கிற காரியமில்லை. சென்னையில் நர்சரிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிற அம்மாவும் இதையேதான் செய்கிறார். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் மத்தியானம் மருந்தின் வேகம் குறைந்ததும் சூடு திரும்ப ஏறும். அதற்குள் அந்தப் பிள்ளை பத்துப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே பொம்மையை வாயில் வைத்து, ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்திருக்கும். சிரப் குறைத்தது சூட்டைத்தான். கிருமி அங்கேயே இருக்கிறது.

அடுத்த வாரம் நாலு வீட்டில் நாலு அம்மாக்கள் கூலியை இழந்து உட்கார்ந்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் அது சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வரும்!

பால்வாடியில் ஏன் சீக்கிரம் பரவுகிறது?

நாம் இன்னும் 'பால்வாடி' என்று வாய் நிறையச் சொல்கிற அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது இரண்டு வயது முதலான பிள்ளைகளுக்கு இங்கேயே சூடான சாப்பாடு கிடைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. கூலி வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு இது பெரிய வரம். சந்தேகமே இல்லை.

ஆனால் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள்? எதை எடுத்தாலும் வாய்க்குப் போகும். மூக்கைத் துடைத்த கையாலேயே பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தைத் தொடும். கால் கழுவத் தெரியாது, இருமும்போது வாயை மூடத் தெரியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. முதல் முறை கூட்டத்தில் சேருகிற பிள்ளைக்கு முதல் வருஷம் அடிக்கடி சளி பிடிப்பது சகஜம். 'பால்வாடிக்குப் போனதிலிருந்து சீக்குதான்' என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். எதற்கு அனுப்பலாம், எதற்கு நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அனுப்பலாமா? வேண்டாமா?

வெறும் சளி, மூக்கொழுகல், லேசான இருமல். காய்ச்சல் இல்லை, பிள்ளை விளையாடுகிறது, சாப்பிடுகிறது. அனுப்பலாம். மூக்குத் துடைக்க ஒரு சுத்தமான துணி கொடுத்து அனுப்புங்கள்.

காய்ச்சல். அனுப்பாதீர்கள். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்தால் பிறகு அனுப்பலாம். 'மருந்து கொடுக்காமலேயே' என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பேதி, வாந்தி. கடைசியாகப் போன பேதிக்கோ எடுத்த வாந்திக்கோ பிறகு 48 மணி நேரம் வரை வீட்டில் இருக்கட்டும்.

நீர்க்கோத்த அம்மை (சின்னம்மை). கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை வேண்டாம். நம் பெரியவர்கள் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் உள்ளே விடாமல் வைத்தார்களே, அந்த வழக்கம் தொற்றைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் காய்ச்சல் அதிகமாகி, பிள்ளை சோர்ந்தால் 'ஆத்தா கோவிச்சுக்குவா' என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தட்டம்மை (மணல்வாரி). தடிப்பு தெரிந்த நாளிலிருந்து குறைந்தது நாலு நாள் யாரோடும் சேர்க்கக் கூடாது. இதை லேசாக நினைக்க வேண்டாம். பின்னாலேயே நிமோனியாவும் பேதியும் வரும். கண்டிப்பாக டாக்டரிடம் காட்டுங்கள்.

பொன்னுக்கு வீங்கி. கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில்.

கை, கால், வாயில் கொப்புளம். கேரளத்தில் 2022-ல் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பேர் வைத்துப் பரபரப்பானதே, அதுவும் இந்த வகைதான். காய்ச்சல் நின்று, கொப்புளம் காயும்வரை அனுப்ப வேண்டாம். பிள்ளை தேறிய பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் கிருமி வெளியேறும். கால் கழுவிவிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விடாதீர்கள்.

மெட்ராஸ் ஐ. கண்ணில் பீளை வடிவது நிற்கும்வரை வீட்டில். அவனுக்குத் துடைத்த துண்டால் மற்றவருக்குத் துடைக்காதீர்கள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவதும், மற்றவருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை ஊற்றுவதும் கூடவே கூடாது.

சொறி, சிரங்கு. வைத்தியம் ஆரம்பித்து ஒரு நாள் ஆனதும் அனுப்பலாம். ஆனால் பிள்ளைக்கு மட்டும் களிம்பு தடவினால் போகாது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணி, போர்வை, பாய் எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் போடுங்கள்.

பேன். இதற்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டியதே இல்லை. சாயங்காலம் உட்காரவைத்து ஈருளியால் வாரிவிடுங்கள்.

"கூலி போயிடுமே, என்னம்மா பண்றது?"

நியாயமான கேள்வி. வீட்டில் வை என்று எழுதுவது எங்களுக்குச் சுலபம். நிற்கிறவருக்குத்தான் கஷ்டம். அதனால் மூன்று யோசனைகள்.

ஒன்று, முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவிலிருந்து வேலைக்குப் போகிற நாலைந்து அம்மாக்கள் பேசி வைத்துக்கொண்டால், இன்றைக்கு நீங்கள், அடுத்த முறை பக்கத்து வீட்டு அக்கா என்று சீக்கான பிள்ளைக்கு ஒருவர் இருக்கலாம். பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் வேண்டாம்.

இரண்டு, வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் 'பாத்துக்கோங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை மணிக்கு மருந்து, எவ்வளவு உப்பு-சர்க்கரைத் தண்ணீர், எதைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று வாயால் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுப் போங்கள். எட்டு வயசு அக்காளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, தம்பியைப் பார்க்க வைப்பது மட்டும் வேண்டாம். பேதியில் தம்பி துவண்டுபோனால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

மூன்று, டீச்சரிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'ராத்திரி ரெண்டு தரம் பேதியாச்சு' என்று சொன்னால் அவர் தனியாக உட்காரவைப்பார், தண்ணீர் கொடுப்பார், ஆள் அனுப்புவார். மறைத்துவிட்டால் மத்தியானம் பிள்ளை மயங்கும்போதுதான் தெரியும். டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை: உண்மையைச் சொன்ன அம்மாவைத் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டு வாங்கினால் அடுத்த முறை அவர் வாயே திறக்க மாட்டார்.

கழுவிவிடுகிற கையும் பரிமாறுகிற கையும்

காய்ச்சல் வந்தவுடன் பிள்ளையை நிறுத்திவிட்டோம். போதுமா? போதாது. தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்னாலேயே பரவ ஆரம்பித்துவிடும். சின்னம்மை ஒன்றிரண்டு நாள் முன்னால். நமக்குத் தெரியும்போது காரியம் பாதி முடிந்திருக்கும். அதனால் நல்லா இருக்கிற நாளிலேயே காவல் போட வேண்டும். அந்தக் காவலில் முதலாவது, சோப்பு.

பால்வாடிகளில் ஆயாம்மா ஒருத்தரே பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவார், அவரே சமைப்பார், அவரே பரிமாறுவார். அவர் பேரில் தப்பில்லை, இருக்கிற ஆள் அவ்வளவுதான். ஆனால் நடுவில் சோப்பு இல்லாமல் போனால், ஒரு பிள்ளையின் வயிற்றுக் கிருமி எல்லாத் தட்டுக்கும் போய்விடும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதால் பிள்ளைகளுக்குப் பேதி வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு சோப்புக் கட்டிக்கு இவ்வளவு சக்தி!

எப்படிக் கழுவுவது? ஒரே வாளியில் இருபது பிள்ளைகளும் கையை முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. முதல் பிள்ளையின் அழுக்கு கடைசிப் பிள்ளை வரைக்கும் போகும். குழாய் இல்லையென்றால் ஒருவர் மக்கில் ஊற்ற, பிள்ளை சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை தேய்க்கட்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண். சோப்பு தரையில் விழுந்து கரைகிறதா? பழைய வலைப்பையில் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே துண்டில் எல்லாருக்கும் துடைக்காதீர்கள். உதறிக் காயவிட்டால் போதும்.

கழுவ வேண்டிய நேரம்: சாப்பிடும் முன், சமைக்கும் முன், கக்கூஸ் போனபின், பிள்ளைக்குக் கால் கழுவியபின், மூக்குத் துடைத்தபின்.

இன்னும் சில: வாயில் வைத்த பிளாஸ்டிக் பொம்மைகளை அன்றன்றே சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். மரக்காணத்தில் வெயிலுக்கா பஞ்சம்! தூங்கவைக்கும்போது ஒரு பிள்ளையின் தலைமாட்டில் அடுத்த பிள்ளையின் கால் வரும்படி மாற்றி மாற்றிப் படுக்கவைத்தால் மூச்சு முகத்தில் படாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். வாந்தியோ பேதியோ தரையில் விழுந்தால் துடைத்து எடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டையோ பினாயிலையோ கலக்கக் கூடாது.

பேதிக்கு மருந்து உப்புதான்... ஆனால் அளவு?

உப்பு விளைகிற ஊரிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பேதியில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை. உடம்பிலிருந்து போகிற தண்ணீரும் உப்பும்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இதை ஊரறியச் செய்து காட்டியவர் ஒரு வங்காள டாக்டர், திலீப் மஹாலனபிஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் போங்காவ் என்ற எல்லை ஊரில் அகதிகள் முகாம். காலரா. தரையெல்லாம் நோயாளிகள். ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பால்வாடியிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

இப்போதைய பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு தெரியுமா? 2.6 கிராம். அவ்வளவேதான்! மூட்டை மூட்டையாக உப்பைத் தூக்குகிற கைக்கு அது கண்ணிலேயே படாது. 'கொஞ்சம் தூக்கலாப் போட்டா சீக்கிரம் நிக்கும்' என்று நினைத்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டால் விபரீதம். ரத்தத்தில் உப்பு ஏறி, பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும். உயிருக்கே ஆபத்து. அதனால்...

பொட்டலம் இருந்தால்: ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று பிரிக்காதீர்கள். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பொட்டலம் இல்லையென்றால்: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் தூள் உப்பு. பாத்தியிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பு வேண்டாம். கல்லின் அளவு கூடக்குறைய இருப்பதால் ஸ்பூன் கணக்கு சரிவராது. கலக்கியதும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது: ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயசுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஒரு சின்ன டம்ளர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மடக் மடக்கென்று வேண்டாம், ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

கூடவே துத்தநாக (ஸிங்க்) மாத்திரை 14 நாள்: ஆறு மாசத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு மாசம் முதல் ஆறு மாசம் வரை 10 மில்லிகிராம். நர்ஸம்மாவிடம் கேளுங்கள். பேதி நின்றாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். 'வயித்தைக் காயப்போடணும்' என்பதெல்லாம் பழைய கதை.

கடையில் கலர் டப்பாவில் விற்கிற ஜூஸ்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். சரியான அளவில் இல்லாத பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. அவற்றில் சர்க்கரை அதிகம். பேதி கூடத்தான் செய்யும்.

தொக்கம் எடுக்கிறேன், உரம் எடுக்கிறேன், குடல் ஏத்தம் என்று வயிற்றைப் பிசைவதும், பிள்ளையைத் தலைகீழாக உலுக்குவதும் வேண்டவே வேண்டாம். மலத்தில் ரத்தம் இருந்தால் அது வேறு விவகாரம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

சளியும் மூச்சும்: மார்பைப் பாருங்கள்

சளி பிடித்த பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு மார்பைப் பாருங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாசத்துக்குள் என்றால் 60, ஒரு வயசுக்குள் 50, ஐந்து வயசுக்குள் 40. அதை எட்டினாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

இருமல் சிரப்? 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயசுக்குள் இருமல் சளி சிரப்பே கொடுக்க வேண்டாம், ஐந்து வயசு வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான தண்ணீரும், ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்குக் கொஞ்சம் தேனும் போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் என்றால் எடைக்குத் தக்க அளவு: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். சிரப்பில் 125, 250 என்று இரண்டு விதம் இருக்கிறது. பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். படித்துப் பார்த்துக் கொடுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியும் இரும்பும் கொடுப்பதால் பிரயோஜனமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மழைக்கால வேலை: தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள்

உப்பளத்தில் வேலை இல்லாத மழை மாதங்களில் ஒரு வேலை செய்யுங்கள். பெட்டிக்கு அடியில் கிடக்கிற தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பால்வாடியில் பரவுகிற கொடிய நோய்கள் பலவற்றுக்கு இன்றைக்கு அரசாங்கமே இலவசமாக ஊசி போடுகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ரோட்டா வைரஸ் பேதிக்கான சொட்டு மருந்தும் 2017-ல் இங்கே வந்தன. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021-ல் சேர்ந்தது. ஊசியும் சொட்டு மருந்தும் என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 2011 ஜனவரியில்!

தட்டம்மை ஊசி 9 மாசத்தில் ஒன்று, 16 முதல் 24 மாசத்துக்குள் இன்னொன்று. நிறைய அம்மாக்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். விட்டுப்போயிருந்தால் புதன்கிழமை நர்ஸம்மாவிடம் அட்டையோடு போங்கள். 'ஏன் லேட்டு' என்று கேட்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, குடற்புழு மாத்திரை இரண்டையும் மறக்காதீர்கள்.

மழை என்றதும் இந்தக் கரைக்கு இன்னொரு கவலை உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல்கள் புதுச்சேரியை ஒட்டியே கரை ஏறின. வெள்ளம் வடியும்போது கக்கூஸ் தண்ணீரும் குடிதண்ணீரும் கலந்துவிடும். அந்த நாட்களில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவைத்து, மூடி வைத்து, நீளப் பிடி போட்ட கரண்டியால் மொண்டு கொடுங்கள். குடத்துக்குள் கையை விடாதீர்கள். வீட்டில் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

இதைக் கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்

* பால் குடிக்கவில்லை, தண்ணீர் குடிக்க முடியவில்லை
* குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது
* வலிப்பு வந்தது
* துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை
* மூச்சு வேகமாக வாங்குகிறது, விலா குழி விழுகிறது
* கண் உள்ளே போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழையபடி ஆகிறது
* ஆறு மணி நேரத்துக்கு மேலாக ஒண்ணுக்குப் போகவில்லை
* இரண்டு மாசத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்

இவற்றில் ஒன்று இருந்தாலும் 'வேலை முடிஞ்சு சாயங்காலம் காட்டிக்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். பேதியில் ஒரு பிள்ளை காலையில் விளையாடிக்கொண்டிருந்து சாயங்காலம் கைவிட்டுப் போவதற்கு அதிக நேரம் ஆகாது.

படித்தாகிவிட்டதா? இந்தப் பக்கத்தை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். கிழித்து உங்கள் தெருப் பால்வாடி டீச்சரிடம் கொடுங்கள், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அம்மாக்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், அந்த எட்டு அறிகுறிகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.